ஆண்டாயிக்கு முழுப்பேர்

சேரம்பாடிக்கு மேலே இருந்த அந்த அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் ஆளை நிறுக்கும் தராசு கிடையாது. மருந்தகத்தில் கைக்குழந்தையைக் கிடத்தி நிறுக்கும் தொட்டில் தராசு ஒன்று இருந்தது. ஆண்டாயி எவ்வளவுதான் மெலிந்து போயிருந்தாலும் அதற்குள் அடங்க மாட்டாள். அதனால் சனிக்கிழமைதோறும், கடைசிக் கொழுந்தும் நிறுத்து முடிந்த பிறகு, கொட்டகையில் சாக்கு ஏற்றும் மேடைத் தராசிலேயே அவளையும் ஏற்றி நிறுத்துவிடுவது என்று நர்ஸ் ஜெஸிந்தா ஏற்பாடு செய்தாள்.

"என்னைய சாக்குல கட்டி ஏத்துவாங்களா, சும்மாவே ஏத்துவாங்களா?" என்று கேட்டாள் ஆண்டாயி.

அவளுக்கு வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது. இடது கன்னம் வெந்து கறுத்து, அதில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊதா மையால் போட்ட கட்டம் மங்கலாகத் தெரிந்தது. பேச்சு வலது ஓரமாக, ஒவ்வொரு சொல்லாகத்தான் வெளியே வரும். இருந்தும் வருகிற சொற்களில் பாதியை அவள் கேலிக்கே செலவழித்தாள்.

இலங்கையில் பொகவந்தலாவைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த காலத்திலிருந்து அந்தக் கன்னத்தில்தான் அவள் புகையிலையை அடக்கி வைத்திருந்தாள். பாஸ்போர்ட் எடுத்து, கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, லாரியில் இந்த மலைக்கு வந்து சேர்ந்த வழியெல்லாம் புருஷன் இல்லாத குறை தெரியாமல் அவளுக்குத் துணை வந்தது அதுதான். புண் வந்ததும் அதே இடத்தில்தான்.

கரண்ட் என்று தோட்டத்தில் சொல்லும் கதிர்ச் சிகிச்சை பாதி வைத்தாயிற்று. புண் ஆறுவதற்கு ஐந்தாறு வாரம் விட்டு, மீதிப் பாதியை வைக்க வேண்டும். "போறப்ப முப்பத்தேழு கிலோ. வர்றப்ப முப்பத்தெட்டுக்குக் கொறையாம வரணும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார் பெரிய டாக்டர். குறைந்தால் உடம்பு கரண்டைத் தாங்காது; மூக்கு வழியாகக் குழாய் விட்டு வார்டில் படுக்கப்போட வேண்டியிருக்கும். இது தாயிடமும் மகளிடமும் சேர்த்துச் சொன்னது. மகள் தெய்வம்மாவை மட்டும் தனியே கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். மீதியைக் காலத்தோடு வைக்காவிட்டால் புண் திரும்பி வரும். வந்தால் அதன் பிறகு கரண்ட் கேட்காது.

அதைத் தெய்வம்மா யாரிடமும் சொல்லவில்லை. கணவன் வடிவேலிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் போல இருந்தது.

ஆண்டாயி தனக்குச் சொன்னதைத் தன் வழியில் புரிந்துகொண்டாள். தோட்டத்தில் கொழுந்து எடை சரியாக இருந்தால் அன்றைக்கு முழுப்பேர். எடை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம். "அதத்தான் டாக்டரு சொல்றாரு. எடை இல்லன்னா ஆஸ்பத்திரியில எனக்கு அரைப்பேர். மூக்குல குழாய்."

முதல் சனிக்கிழமை கணக்கப்பிள்ளை செல்லதுரைதான் நிறுத்தார். பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். எடுத்த கொழுந்தில் ஈரத்துக்கென்று கொஞ்சம், சாக்குக்கென்று கொஞ்சம் கழித்துத்தான் எழுதுவார். வெயில் காயும் நாளில்கூட ஈரத்துக்குக் கழிப்பார். அந்தக் கழிவுக்காக வருஷக்கணக்காக அவரோடு சண்டை போட்டவள் ஆண்டாயி.

"ஏனுங்க ஆண்டாயம்மா, கம்பளியோடவா ஏறறீங்க?"

"குளுருது. வேணும்னா கழிச்சுக்க. உனக்குத்தான் கை பழகியிருக்கே."

செல்லதுரை ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டு, அவளையும் பக்கத்தில் நின்ற தெய்வம்மாவையும் பார்த்தார். பிறகு தராசுக் கையில் குண்டை நகர்த்தினார். கை மெல்ல மேலெழுந்து, நடுவில் நின்று ஆடியது.

"முப்பத்தெட்டுங்க."

கொட்டகையில் நின்ற பெண்கள் 'அடியாத்தே' என்று கூவினார்கள். தெய்வம்மாவுக்குக் காது அடைத்தது. ஒரு வாரத்தில் ஒரு கிலோ! முட்டையைப் பாலில் அடித்தது, கேழ்வரகுக் கஞ்சியைத் துணியில் வடிகட்டியது, விடியுமுன் எழுந்து கரண்டி கரண்டியாக ஊட்டியது எல்லாம் அந்தத் தராசுக் கையில் ஏறி நின்று ஆடுவது போல இருந்தது. அம்மா மேடையிலிருந்து இறங்கி இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு ஊன்றி நடந்ததைப் பார்த்து, கால்கூடப் பலப்பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் முப்பத்தொன்பது.

"பெத்தா தெய்வம்மா மாதிரி ஒரு பொண்ணப் பெக்கணும்" என்று கொழுந்து மலையில் பேசிக்கொண்டார்கள். கூடைக்கு மேல் குனிந்திருந்த தெய்வம்மா கேட்காத மாதிரி இருந்தாள். ஆனால் அந்தப் பேச்சு அடுத்த செடி நிரைக்குத் தாவினால் அவளும் நகர்ந்து நகர்ந்து அந்த நிரைக்குப் பக்கத்தில் போய்விடுவாள். தான் நல்ல மகளா என்று அவள் அதுவரை யோசித்ததே இல்லை. அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டு, அப்படியே வளர்ந்துவிட்டாள். இப்போது யோசித்துப் பார்க்க அது ருசியாக இருந்தது. தலையில் பூ வைத்துக்கொண்டு நடக்கும்போது யாராவது திரும்பிப் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்ப்பது போலத்தான் இருந்தது அந்த வாரம் முழுக்க.

அந்த வாரத்தில்தான் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் அடுத்த காம்பராவில் இருந்த சுப்பம்மா வந்து பெருமைப்பட்டுக்கொண்டாள். "எங்க ஆட்டப் பாத்தியாடி தெய்வம்மா? நான் கொழை வெட்டிப் போடக்கூட இல்ல. தானா மினுமினுன்னு ஆகுது. இந்தப் பக்கத்து மண்ணு அப்படி."

"சினையா இருக்குறது ஊதத்தான் செய்யும் சின்னம்மா."

"சினைக்கு வயிறு ஊதும். மூஞ்சியுமா ஊதும்?"

திங்கட்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. கொழுந்தெடுக்க முடியாதென்று ஆட்களை அனுப்பிவிட்டார்கள். தெய்வம்மா தலையில் படங்குச் சாக்கைப் போட்டுக்கொண்டு லயத்தின் பின்பக்கமாக ஓடி வந்தாள். பின்வாசல் தாழ்வாரத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

"குடிச்சிரு, என் ராசாத்தி. ஒரு சொட்டு மிச்சம் வைக்கக் கூடாது. அவ வந்து சட்டியப் பாப்பா. ம்... முட்டையும் இருக்கு பாரு."

சுப்பம்மாவின் ஆடு சட்டிக்குள் மூக்கை விட்டு, தெய்வம்மா காலையில் கண்ணெரிய ஆக்கி வைத்துவிட்டுப் போன கஞ்சியைச் சப்புக்கொட்டிக் குடித்துக்கொண்டிருந்தது. அம்மா அதன் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

தெய்வம்மா நனைந்த காலோடு உள்ளே போனாள். அம்மா மறுபடி புகையிலை போடுகிறாளோ என்ற சந்தேகம்தான் அவளுக்கு முதலில் வந்தது. அம்மா புகையிலை வைக்கும் பழைய சுருக்குப்பை கட்டிலின் தலைமாட்டில் கிடந்தது. 'சும்மா இருக்கட்டும், இடுப்பு வெறிச்சுன்னு இருக்கு' என்று சொல்லி அவள் அதை எறிய விடாமல் வைத்திருந்தாள். இப்போது பார்த்தால் அது பிதுங்கிக்கொண்டிருந்தது. கஞ்சி ஆட்டுக்கு, புகையிலை இவளுக்கு! கயிற்றை இழுத்துப் பிரித்துக் கட்டிலில் கவிழ்த்தாள்.

கூழாங்கற்கள் விழுந்தன.

கட்டிலுக்கு அடியில் பழைய சேலைத் துண்டு ஒன்று முடிச்சுப் போட்டுக் கிடந்தது. இழுத்தால் லேசில் வரவில்லை, நல்ல கனம். அவிழ்த்தாள். ஓடைக் கற்கள், கைக்கு அடக்கமானவை, சுத்தமாகக் கழுவி வைத்தவை.

ஆண்டாயி வாசலில் வந்து நின்றாள். ஆடும் அவளுக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தது.

"இது என்னா?"

"கல்லு."

"கல்லுன்னு தெரியுது. எதுக்கு?"

"எடைக்கு."

ஈரக் கொழுந்தும் காம்பும் கல்லும் சாக்குக்குள் போட்டு எடை ஏற்றுகிற வித்தை தோட்டத்தில் யாருக்கும் தெரியாததல்ல. ஒருநாள் அரைப்பேராகிவிடும் என்று பயந்த எந்தப் பெண்ணும் ஒரு தடவையாவது செய்துதான் இருப்பாள். அதைத் தன் உடம்பிலேயே செய்தவள் ஆண்டாயி ஒருத்தியாகத்தான் இருக்கும்.

"ஆர ஏமாத்துற? டாக்டரையா? உன் ஒடம்ப ஏமாத்த முடியுமா?"

"மொத வாரம் ரெண்டே ரெண்டுதான் கட்டினேன்." ஆண்டாயி கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, வலது கடைவாயைத் துடைத்துக்கொண்டாள். "முப்பத்தெட்டுன்னு அவன் சொன்னப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். தீவாளிச் சேலை வாங்கினவ மாதிரி நின்ன. அடுத்த வாரம் அத எப்புடிடி கொறைக்கிறது? சேத்துக் கட்டினேன்."

"அப்ப கஞ்சி?"

"எல்லாம் மண்ணா இருக்கு. கேப்பை தொண்டைய அறுக்குது. முட்டை பத்தவச்ச நெருப்புக்குச்சி மாதிரி நாறுது. நீ கரண்டியோட எம்மேலயே கண்ண வச்சுக்கிட்டு நிக்கிற. முழுங்கலன்னா உன் மூஞ்சி சுருங்குது. அதுக்கு ஆடே தேவல. அது எம்மூஞ்சியப் பாக்காது."

தெய்வம்மா பின்வாசலுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள். மழை தகரத்தில் கொட்டியது. உடம்பெல்லாம் கோபமாக இருந்தது. யார்மேல் என்று பார்த்தாள். அம்மாவின் உடம்புக்கு என்ன ஆகுமோ என்ற பயம் கொஞ்சம் பின்னால்தான் வந்தது. முதலில் வந்து நின்றது வேறு: இனி மலையில் என்ன சொல்வது, முப்பத்தொன்பது இல்லை என்று எந்த முகத்தோடு சொல்வது. தன் மனதுக்குள் ஒளிந்திருந்ததை அவளே பார்த்துவிட்டாள். அம்மா இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டிருந்தாள். இவள் அந்த எடையைத் தலையில் பூவாக வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். கொழுந்து நிறுக்கிற செல்லதுரையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. சிரிப்பு வந்துவிடும் போல இருந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் மழையில் முகத்தை நீட்டிக் கழுவிக்கொண்டாள்.

உள்ளே திரும்பி வந்தபோது அம்மா கற்களை மறுபடியும் துணியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அத வையி. டாக்டரு சொன்னத விடு. நான் சொன்னதையும் விடு. உனக்கு என்னாதான் எறங்கும்?"

ஆண்டாயி ஒரு கல்லைக் கையில் உருட்டினாள்.

"சொல்லும்மா."

"பால்சோறு" என்றாள், திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பிள்ளை போலத் தரையைப் பார்த்துக்கொண்டு. "தேங்காப்பால நெறையா ஊத்தி, அரிசிய நல்லாக் கொழைய விட்டு, தண்ணியா. ஆறவச்சு. ராத்திரியெல்லாம் அதத்தான் நெனைச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

"அத மொதல்லயே சொல்றதுக்கென்னா?"

"சீக்கு வீட்டுல பால்சோறு ஆக்குவாங்களா? நல்லது நடந்த வீட்டுலல்ல ஆக்குவாங்க."

உண்மைதான். சிலோன் தோட்டத்தில் பிள்ளை பிறந்தால், பெண் சமைந்தால், வருஷம் பிறந்தால்தான் பால்சோறு. அந்த வழக்கத்தை அவர்கள் பெட்டியோடு பெட்டியாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். காரணம் இல்லாமல் ஆக்கினால் நல்லது வீட்டைத் தேடி வராது என்பது ஆண்டாயியின் கட்சி. புண் வந்த நாளிலிருந்து இந்தக் காம்பராவில் நல்லதென்று ஒன்றும் நடக்கவில்லை என்பதும் அவள் கட்சி. வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

தெய்வம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனாள். "இன்னைக்கு இந்த வீட்டுல நல்லது நடந்திருக்கு."

"என்னா நல்லது?"

"நாட்பட்ட கள்ளி ஒருத்தி கையும் களவுமா பிடிபட்டிருக்கா."

ஆண்டாயி சிரித்தாள். சிரிப்பில் கன்னம் இழுத்து வலித்தது. கையால் கன்னத்தைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, 'சும்மா இருடி, சிரிக்க வைக்காத' என்று கெஞ்சிக் கெஞ்சிச் சிரித்தாள்.

மழை விட்டதும் கல் இல்லாமல் நிறுத்துப் பார்த்தார்கள். முப்பத்தைந்தரை. ஜெஸிந்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மூன்று சனிக்கிழமைதான் மிச்சம்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று தெய்வம்மா செல்லதுரையைக் கேட்டாள். "சாக்கத் தொட்டே கல்லு இருக்குன்னு சொல்லுவீங்களே."

செல்லதுரை தராசுக் குண்டைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார். "ஏறறப்பவே தெரிஞ்சுதுங்க அம்முணி. கம்பளிக்குள்ள கடகடன்னுச்சு. கழிக்கலாம்னுதான் கை போச்சு. அதுக்குள்ள நீங்க நின்ன நெலையப் பாத்தனா... வேலைக்கு வந்த நாள்ல இருந்து கழிக்காம விட்டது அந்த ரெண்டு தடவைதானுங்க. அதும் தப்பாப் போச்சு."

"இதுக்குத்தான் சொல்றது," என்றாள் ஆண்டாயி. "எங்க கழிக்கணும் எங்க கழிக்கக் கூடாதுன்னு ஒனக்கு இன்னும் தெரியல."

அன்று வடிவேலு சேற்றுப் பாதையில் வயநாட்டு எல்லைக் கடைக்கு நடந்து போய்த் தேங்காய் வாங்கி வந்தான். குளிர்மலையில் தென்னை ஏது? தெய்வம்மா பச்சரிசியைக் குழைய வேகவிட்டு, கெட்டிப்பாலைப் பிழிந்து ஊற்றி, உப்புப் போட்டு இறக்கி, சட்டியை வெளியே குளிர்காற்றில் வைத்து ஆற்றினாள். அம்மாவின் கையில் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, முதல் தடவையாக, பார்த்துக்கொண்டு நிற்காமல் அப்பால் போனாள். அது அவள் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. அடுப்பங்கரையில் நின்று, கழுவிய சட்டியையே திரும்பத் திரும்பக் கழுவினாள். காது மட்டும் கட்டிலண்டையில் இருந்தது. உறிஞ்சும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது.

கிண்ணம் காலியாக வந்தது. ஆடு சுப்பம்மா வீட்டில் கட்டித்தான் கிடந்தது. கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

மறுநாள் ஆண்டாயி கிண்ணத்தைத் தொடவில்லை. "இன்னைக்கு என்னா நல்லது?" என்றாள்.

தெய்வம்மா கணவனைத் திரும்பிப் பார்த்தாள். வடிவேலுதான் வாசலில் செருப்பை உதறிக்கொண்டே, "நல்லதுதான் அத்தை. பஸ்ஸு இன்னைக்கு நேரத்துக்கு வந்துச்சு" என்றான்.

"நம்ம பஸ்ஸா?"

"நம்ம பஸ்ஸுதான். நிக்கிற சனம் நம்பாம அதுல ஏறல."

ஆண்டாயி யோசித்தாள். "சரி. அது நல்லதுதான்." கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

அப்படித்தான் அது தொடங்கியது. விஷயம் ஒரே நாளில் லயம் முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலமானால் யாராவது ஒருத்தர் வாசலில் வந்து நின்று, ஆண்டாயிக்கு அன்றைய நல்லதைச் சொல்லுவார்கள். சோளக்கொல்லைக்குள் பன்றி இறங்காமல் போனது ஒருநாள். ஜெஸிந்தாவின் அண்ணன் மகளுக்குக் கூடலூரில் பெண் குழந்தை பிறந்தது ஒருநாள். சுப்பம்மாவின் ஆடு இரண்டு குட்டி போட்ட அன்று சுப்பம்மா கத்திக்கொண்டே ஓடி வந்தாள்.

"அக்கா, ரெட்டை! ரெண்டும் பொட்டை! தரையில நிக்கல, துள்ளுது!"

"துள்ளாம? எம்மக கஞ்சியில்ல குடிச்சு வளந்துச்சு. ஒரு குட்டி எனக்கு வரணும்."

"வளத்தது நீ, பெத்தது என் ஆடா? நல்லா இருக்கே நாயம்!"

சிலருடைய நல்லதை ஆண்டாயி தள்ளிவிடுவதும் உண்டு. செல்லதுரைக்கு வந்த மாற்றல் ரத்தாகிவிட்டது என்று வடிவேலு சொன்னபோது, "அது அவனுக்கு நல்லது. நமக்கென்னா? வேற சொல்லு" என்று கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு, செல்லதுரையே வந்து வாசலில் நின்று, தன் மகள் பத்தாம் வகுப்புப் பாஸ் செய்துவிட்டாள் என்று கூச்சத்தோடு சொன்னபோது, "உள்ள வா, ஏன் வெளிய நிக்கிற" என்று கூப்பிட்டு அவருக்கும் ஒரு கிண்ணம் கொடுக்கச் சொன்னாள்.

எல்லைக் கடைக்காரர் வடிவேலிடம் "எந்தா, வீட்டுல தினமும் கல்யாணமோ?" என்று கேட்டாராம். "ஆமாங்க, மாமியாருக்கு" என்று சொல்லிவிட்டு வந்தானாம். அதையும் அன்றைய நல்லதாக ஆண்டாயி ஒத்துக்கொண்டாள்.

தெய்வம்மாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. நல்லது என்று எதுவும் புதிதாக வந்துவிடவில்லை. பஸ் முன்பும் எப்போதாவது நேரத்துக்கு வந்திருக்கும். ஆடு முன்பும் குட்டி போட்டது. அவளுக்குத்தான் அந்த வாரங்களில் டாக்டர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்ன ஒரே ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் காதில் விழாமல் இருந்தது. இப்போது கொழுந்தெடுக்கும்போதே கண் தேடத் தொடங்கிவிட்டது: இன்றைக்கு அம்மாவிடம் என்ன கொண்டுபோகலாம்? மூடுபனி விலகி எதிர்ச் சரிவில் மஞ்சளாக ஒரு செடி பூத்திருப்பது தெரிந்தால், பேரம் பேசுகிறவள் போல, இது தேறுமா தேறாதா என்று மனதுக்குள் எடை போட்டுப் பார்ப்பாள். ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தான் பயப்படாமல் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் இருந்துவிட்டதை உணர்ந்து, அதையே அன்றைக்குக் கொண்டுபோனாள். ஆனால் வாசலில் வந்ததும் அதை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

"இன்னைக்கு... வேல லேசா இருந்துச்சும்மா" என்றாள்.

ஆண்டாயி அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். "அது பெரிய நல்லது" என்றாள்.

மூன்றாவது வாரம் தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் மழை விடாமல் பெய்ததால் யாரும் வரவில்லை. தெய்வம்மா கையில் ஒன்றும் இல்லை. கிண்ணத்தை வைத்துவிட்டு, என்ன சொல்லலாம் என்று நின்றாள். ஆண்டாயி எதுவும் கேட்காமல் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டாள். முகம் கோணியது.

"ஏண்டி, உப்பு அள்ளிக் கொட்டியிருக்க?"

"இல்லம்மா, எப்பவும் போடுறதுதான்..." என்று சொல்லத் தொடங்கிய தெய்வம்மா நிறுத்திவிட்டாள்.

ஆண்டாயியும் கரண்டியோடு நின்றுவிட்டாள். நாக்கை மெல்ல உதட்டில் ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஒரு வாய் எடுத்து, வலது பக்கம் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது அவளுக்குப் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறியிருந்தது.

"கரிக்குது" என்றாள், ஏதோ அதிசயம் சொல்கிறவள் போல.

"கரிக்குதா?"

"நல்லா கரிக்குது. நாய் வாய் வைக்காது. இத்தன நாளும் இதையாடி எனக்குப் போட்ட?"

தெய்வம்மா சுவரில் சாய்ந்தபடியே தரையில் வழிந்து உட்கார்ந்துவிட்டாள். கல்யாணமான புதிதில் தன் சமையலை யார் குறை சொன்னாலும் சட்டியைத் தூக்கி எறிந்தவள் அவள். இப்போது, "இன்னொரு தடவ திட்டும்மா" என்றாள்.

ஆண்டாயி திட்டினாள். உப்பைத் திட்டினாள், அரிசியைத் திட்டினாள், அகப்பையைத் திட்டினாள். வாய் ஒரு விரலுக்கு மேல் திறந்திருக்கிறது என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மறுநாள் ஜெஸிந்தாதான் அளந்து பார்த்துச் சொன்னாள்.

கடைசிச் சனிக்கிழமை கொட்டகையில் கொழுந்து நிறுத்து முடிந்தும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. கூடைகளைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். சுப்பம்மா ஆட்டுக்குட்டி ஒன்றைக் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். திங்கட்கிழமை கோயம்புத்தூர் பஸ். முப்பத்தெட்டு இருந்தால் கரண்ட். இல்லாவிட்டால் குழாய், வார்டு, காத்திருப்பு. அதற்கு மேல் என்ன என்பது தெய்வம்மாவுக்கு மட்டும் தெரியும். போன சனிக்கிழமை முப்பத்தேழுதான் வந்திருந்தது.

ஆண்டாயி மேடையில் ஏறினாள்.

"கம்பளி" என்றார் செல்லதுரை.

கம்பளியைக் கழற்றி மகளிடம் கொடுத்தாள். கேட்காமலே செருப்பையும் கழற்றினாள். இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்து, எல்லோரும் பார்க்கும்படி கவிழ்த்து உதறிக் காட்டினாள். ஒன்றும் விழவில்லை. பெண்கள் கைதட்டினார்கள்.

செல்லதுரை குண்டை முப்பத்தெட்டில் வைத்தார். தராசுக் கை எழவில்லை.

கை கொஞ்சம் மேலே வந்தது. மறுபடியும் படிந்தது. தெய்வம்மா மேடையை ஒட்டித்தான் நின்றிருந்தாள். மேடையின் விளிம்பு அவள் கால் பெருவிரலுக்கு ஒரு நூல் தள்ளி இருந்தது. ஒரு விரல் போதும். யாருக்கும் தெரியாது. ஊர்கூடி நின்று பார்த்தாலும் இந்தச் சேலைக்கரைக்குக் கீழே யார் பார்க்கப் போகிறார்கள்? அவளைக் கேட்காமலே விரல் நகர்ந்தது. மரப்பலகையின் சில்லென்ற தொடுகை பட்டது. அந்த நேரத்தில்தான் அம்மா ஓடையில் குனிந்து கல் பொறுக்கியது, அவள் கண்முன்னால் நடப்பது போலத் தெரிந்தது. பயந்தவள்தான் கல் பொறுக்குவாள். அன்பு என்று சொல்லிக்கொண்டால் கல்லின் கனம் குறைந்துவிடாது.

"அம்முணி" என்றார் செல்லதுரை, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலை எடுத்துக்கங்க."

கொட்டகை முழுக்க ஓவென்று சிரித்தது. தெய்வம்மா முகம் சிவந்து இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள்.

"எனக்குப் பொறந்தவதானே" என்றாள் மேடைமேலிருந்து ஆண்டாயி. அவளுக்கும் சிரிப்பு. உடம்பு குலுங்கியது. அவள் குலுங்கத் தராசுக் கையும் குலுங்கியது.

"சிரிக்காதீங்க ஆண்டாயம்மா. ஆடாம நில்லுங்க."

ஆண்டாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுப்பம்மாவின் கம்பளிக்குள் குட்டி ஒருமுறை கத்தியது. தராசுக் கை மெல்ல எழுந்தது. நடுவுக்கு வந்தது. அங்கேயே நிற்குமென்று பார்த்தால், இன்னும் கொஞ்சம் மேலே போய்த் தட்டியது. செல்லதுரை குண்டைச் சிறிது தள்ளினார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். எப்போதும் எடையைச் சொல்லுகிறவர், அன்றைக்கு எடையைச் சொல்லவில்லை. காலையில் ஆள் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக் குரலில் மலை எதிரொலிக்கக் கத்தினார்:

"ஆண்டாயி... முழுப்பேர்!"

ஆளாளுக்கு எழுந்து கத்தியதில், தெய்வம்மாவுக்குத் தன் குரல் எது என்று தெரியவில்லை. ஜெஸிந்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். வடிவேலு பாக்டரி வாசலிலிருந்து ஓடி வந்தான். மேடையிலிருந்து அம்மாவை இறக்கக் கை கொடுத்தபோது, அந்தக் கை கனத்தது. நிஜமாகவே கனத்தது. தெய்வம்மா அதை விடாமல் பிடித்துக்கொண்டாள். டாக்டர் தனியே சொன்னதை அம்மாவிடம் இப்போது சொல்லிவிடலாம் என்று பட்டது. பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகச் சொல்லலாம். அம்மா தாங்குவாள். தாங்காத ஆள் தான்தான் என்று இத்தனை நாளும் தெரியாமல் இருந்திருக்கிறது.

"ஈரத்துக்குக் கழிச்சியா?" என்று ஆண்டாயி செல்லதுரையைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு வெயிலுங்க."

"இத்தன வருசத்துல இன்னைக்குத்தான் உனக்கு வெயிலு தெரிஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டு, கம்பளியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் பக்கம் திரும்பினாள். "வா, போவோம். தேங்கா துருவணும். இன்னைக்கு நல்லத நான் சொல்றேன்."